வேம்பில் நான் போட்ட முடிச்சு

14-3-1958, வெள்ளி

வேப்பமரம் நிற்கிற இடத்தில்தான் புதுக் கிடங்கின் வடக்குச் சுவர் எழும்ப வேண்டும். வெட்ட வந்த மாணிக்கம் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மரத்தில் மஞ்சள் துணியும் குங்குமமும் இருந்தன.

“வேற ஆளப் பாருங்க மொதலாளி. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

மூன்று வருஷத்துக்கு முன் அந்தத் துணியைக் கட்டியதே நான்தான். வெல்ல மண்டிச் சுவரோரம் ஒண்ணுக்கு ஒதுங்குகிறவர்களை நிறுத்த அதைவிட மலிவான காவல் கிடையாது. அவனிடம் அதைச் சொன்னேன்.

சிரித்தான். “கூப்பிட்டது நீங்கதானா? கூப்பிட்டு உக்கார வச்சுட்டு, இப்ப எந்திரிச்சுப் போன்னா ஆத்தா போவாளா?”

சரி, கட்டியவனே அவிழ்க்கிறேன் என்று போனேன். என் துணியைத் தேட வேண்டியதாயிற்று. சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் கட்டிய துணிகள் அதன்மேல் ஒரு கைப்பருமன் இருந்தன. நடுவில் யாரோ பிள்ளை வேண்டிக் கட்டிய சின்ன மரத்தொட்டில். அதை அறுக்காமல் என் முடிச்சுக்குப் போக வழியில்லை. கையை எடுத்துவிட்டேன்.

சுவரை நாலடி உள்ளே தள்ளிப் போடும்படி கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. கரும்பு அறுவடை முடிந்து வெல்லம் வரும்போது இடம் போதாமல் முழிக்கப்போவது நான்தான். என்னைத் தவிர திட்டவும் ஆளில்லை.

சுவரோரம் மட்டும் இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது.