குப்பை லிஃப்ட்

பேத்தியின் தாத்தாவுக்கு,

நான் சுகம். சோறுதான் இறங்கவில்லை.

எதிர்வீட்டு வாத்தியார் நேற்று இறந்துவிட்டார். பத்தாவது மாடியிலிருந்து கொண்டுபோக லிஃப்டுக்குத் தூக்கி வந்தார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் குறுக்கே கை நீட்டினான். "இதுல குழந்தைங்க போவாங்க. பின்னாடி குப்பை லிஃப்ட்ல இறக்குங்க." அழுகல் தண்ணீர் சொட்டும் அந்தப் பெட்டியில் படுக்கவைக்க இடமில்லை. தொட்டிகளுக்கு நடுவே அவரை நிற்கவைத்து இறக்கினார்கள். அவர் சம்சாரமும் கூடவே நின்று போனாள்.

நம் ஊர் மட்டும் என்ன யோக்கியம்? வேலித் தகராறில் வெட்ட வந்தவன்தான் செத்ததும் முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். அந்த நடிப்புக்கூட இங்கே கிடையாது.

சாப்பிடும்போது செயலாளரிடம் கேட்டேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நாளைக்கு உனக்கும் அதேதான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். ஊற்றினேன். பெற்றுவிட்டேனே.

பிள்ளை செயலாளராகிவிட்டான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோம். இனி யாரிடமும் சொல்லாதீர்கள். நம் ஊர் வீட்டை விற்க அவன் அனுப்பிய பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். நீங்கள் இங்கே வரவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். உயிரோடு இருக்கும்போதே இறங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி