உன் மாமியாரை என்னவென்று கூப்பிடுகிறாய்?

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது தனிக் குடித்தனக்காரர் மாதிரி நம் வீட்டில் இருக்கிறது, மழை வரும் முன்னால் முணுமுணுக்கிறது, மாடிப்படியில் கத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டு இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவிடுகிறாய், அது நான் நினைத்த முடிவாகவும் இருப்பதில்லை. இந்த விஷயத்தை நானே முடிக்க வேண்டும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் அப்பா சரி செய்கிறார், நம் ஃப்ரிட்ஜின் கதவு மட்டும் மூட மாட்டேன் என்கிறது, நான் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால், ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ்ல மருந்து இருக்கு, உன் ஃப்ரிட்ஜ்ல நேத்து மிச்சம்தானே இருக்கு என்கிறார். கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை அப்படியேதான் போகிறது. முந்தாநாள் ஒருவர் கடை திறந்ததிலிருந்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எப்படி இருக்கு என்று என்னைக் கேட்டு, கடைசியில் பழைய கண்ணாடிக்கே ஒரு திருகாணி போட்டுக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வரவில்லை, அந்தப் பழையதுதான் அவர் முகத்துக்கு நன்றாக இருந்தது. அது இருக்கட்டும், நீ கண் பரிசோதனை செய்து எத்தனை காலமாகிறது? போனில் பேசும்போது கண்ணைச் சுருக்குகிறாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மாதமே போய்ப் பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ சொன்னாய், மாமியார் இங்கே வந்து எங்களோட இருக்க வேண்டாம்மா, இவர்கிட்ட சொல்லிடப் போறேன் என்று. நான் ம் என்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். பாப்பா, என் ம் எல்லாம் சம்மதம் இல்லை, பாதி நேரம் பதில் கிடைக்காததால்தான் ம் சொல்கிறேன். மாப்பிள்ளை ஒரே பிள்ளை, அவருக்கு அப்பாவும் இல்லை. அந்த அம்மா வேலையை முடித்துக்கொண்டு, இருக்கிற வீட்டையும் விட்டுவிட்டு அடுத்த மாதக் கடைசியில் உங்களிடம் வருவதாக இருக்கிறது. நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மாப்பிள்ளை உன்னிடம் சண்டை போட மாட்டார், அவர் குணம் அப்படி, ஆனால் உள்ளே ஒன்று உடையும், அதை உனக்குக் காட்டவும் மாட்டார். உன் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாங்கம்மா, காது கேட்காத மாதிரி இருக்காங்க, பையன் மூலமாத்தான் என்கிட்ட பேசுறாங்க, சாப்பாட்டு மேசையில விருந்தாளிக்குப் போடுற மாதிரி எனக்குப் போடுறாங்க என்று நீ சொன்னதெல்லாம் என் மனதில் அப்படியே இருக்கிறது. என் பெண்ணுக்கு என்ன குறை என்று எனக்கும் அந்த அம்மா மேல் கோபம்தான் இருந்தது, போன சனிக்கிழமை வகுப்புக்குப் போகிற வரைக்கும்.

மாப்பிள்ளை வீட்டு மொழி கொஞ்சமாவது தெரியட்டும் என்று நான் சீன வகுப்பில் சேர்ந்தபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? அம்மா, நீ தமிழ்லயே பேச மாட்ட, சீனத்துல என்ன பேசப் போற என்றாய். உண்மைதான். நம் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது, அதையும் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமலே முடித்தேன். இந்த வகுப்பில் ஒளிந்துகொள்ளப் பெஞ்சு கூட உதவாது. சனி, ஞாயிறு சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையைத் தருகிறார்கள், சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த யானை, ரயில். சின்னப் பெஞ்சில் எங்கள் முழங்கால் நுழைவதில்லை. லாரி டிரைவர் ஒருவர் வருகிறார், அவர் குறுக்கே திரும்பி, நடைபாதையில் காலை நீட்டித்தான் உட்கார முடியும். துறைமுகத்திலிருந்து பெட்டி ஏற்றுகிறவர், பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம இத்தனை வருஷம் சுமந்துட்டேன் டீச்சர், இனிமேலாவது படிச்சிட்டுச் சுமக்குறேன் என்று சொல்லி முதல் நாளே எல்லோரையும் சிரிக்க வைத்தார். பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கும் ஒரு பெண்ணும் வருகிறாள், சீனத் தொடர்கள் பார்த்துப் பார்த்துப் பைத்தியம், கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடாமல் பார்க்க வேண்டும் என்பது அவள் லட்சியம். டீச்சர் அந்த நாட்டிலேயே பிறந்து, இங்கே கல்யாணம் ஆகி வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். தமிழை நம்மைப் போலவே பேசுகிறார், கோபம் வந்தால் மட்டும் சீனத்துக்குப் போய்விடுகிறார்.

உறவு முறைப் பாடம் வந்தபோதுதான் எனக்கு அந்த மொழி மேல் ஆசையே வந்தது. அண்ணன் வேறு, தம்பி வேறு, அக்கா வேறு, தங்கை வேறு. பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. மற்ற இடத்தில் இதைப் பாடம் நடத்தினால் தலையில் கை வைப்பாங்க, நீங்க என்ன ஒரே நாளில் முடிச்சிட்டீங்க என்று டீச்சருக்கே ஆச்சரியம். எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையே இப்படித்தான் இருக்கும் டீச்சர் என்றார் டிரைவர். பெரியவர்களைப் பார்த்தால் அந்த முறையைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வணக்கமே, கூப்பிடாமல் உள்ளே போனால் மரியாதை தெரியாத பிள்ளை என்பார்களாம். இதெல்லாம் நம்ம கதைதானே என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

போன சனிக்கிழமை அதிலேயே அடுத்த பாடம். கல்யாணத்துக்கு முன்னால் மாமியாரை ஆன்ட்டி என்பது போல ஒரு பொதுச் சொல்லால் கூப்பிடுவார்கள். கல்யாணத்தன்று மணமக்கள் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் டீ கொடுத்து, முதல் முறையாக அம்மா, அப்பா என்று கூப்பிட வேண்டும். பெண் மாப்பிள்ளையின் பெற்றோரை, மாப்பிள்ளை பெண்ணின் பெற்றோரை. அந்த நிமிஷத்திலிருந்துதான் அவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள். அதன் பிறகும் பழைய சொல்லாலேயே கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று பல் டாக்டர் உதவியாளர் கேட்டாள். வீட்டுக்குள்ள வந்தும் செருப்பைக் கழட்டாம நிக்கிறன்னு அர்த்தம் என்றார் டீச்சர். எனக்கு உடனே நீதான் நினைவுக்கு வந்தாய், நீயும் இன்னும் அந்த ஆன்ட்டிச் சொல்லால்தானே கூப்பிடுகிறாய். உங்கள் கல்யாணம் நீங்கள் இருக்கிற ஊரிலேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு முடிந்தது, நாங்கள் போனில்தான் பார்த்தோம், அதில் டீயும் இல்லை, முழங்காலிடுவதும் இல்லை.

பிறகு டீச்சர் அதை நடித்துக் காட்டச் சொன்னார். வகுப்பில் வயதில் மூத்த பெண் நான் என்பதால் நான் மாமியார், டிரைவர் மகன், அந்தப் பெண் மருமகள். காகிதக் கப்பில் தண்ணீர்தான் டீ. அந்தப் பெண் பழக்கத்தில் பழைய சொல்லையே சொல்லிக் கப்பை நீட்டிவிட்டாள். வாங்காதீங்க, கையை மடியிலயே வச்சிருங்க என்று டீச்சர் என்னிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு, எதிரே நீட்டியிருக்கும் கப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அது விளையாட்டு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டு வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று எழுந்து போகவும் முடியாது. அப்புறம் அவள் சரியாக மா, அதாவது அம்மா, என்று கூப்பிட்டாள். நான் பதில் கொடுக்க வேண்டும், நம் என்னம்மா மாதிரி ஒரு ஓசைதான், அதை மறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் வாங்குங்கம்மா, மருமகளுக்குக் கை வலிக்குது, எனக்கு முட்டி போகுது என்று டிரைவர் தரையிலிருந்து கத்தினார்.

வகுப்பு முடிந்து டீச்சரிடம் தனியாக உன் விஷயத்தைச் சொன்னேன். நான் ஒருவரிடம் தனியாகப் போய்ப் பேசினேன் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அவர் சிரித்துவிட்டு, என் கதை அதுக்கு நேர் எதிர் என்றார். கல்யாணம் ஆகி இங்கே வந்த புதிதில் மாமியாரை அம்மா என்று கூப்பிட்டாராம். உனக்கு அம்மா அங்க இருக்காங்கல்ல, நான் அத்தை, அத்தைன்னே கூப்பிடு என்று மாமியார் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம், என்னைப் பிள்ளையா ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களே என்று. அவங்க தப்பா ஒண்ணும் சொல்லல, எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு என்றார். எங்க சம்பந்தி ஏன் வாய் விட்டுக் கேட்கல என்று நான் கேட்கும் முன்னால் அவரே சொன்னார், அது கேட்டு வாங்குற வார்த்தை இல்லைங்க.

மாப்பிள்ளையாவது உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. பதிவு முடிந்த அன்று அவர் போனில் அப்பாவைப் பார்த்துக் கை கூப்பி, தமிழில், அப்பா என்றார். நம் வீட்டுப் பெரிய மனிதர் என்ன சொன்னார்? என்னை அப்பான்னா, பாப்பாவுக்கு அவன் என்ன முறை ஆகுது, அண்ணனா, முதல்ல மாமான்னு கூப்பிடச் சொல்லு என்றார். நீ சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாய், நானும் சிரித்தேன். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மாமா, மாமா என்று பாடம் ஒப்பிப்பது போலக் கூப்பிடுகிறார். இவர்கள் வீட்டில் இந்த வார்த்தையைக் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார், தன் அம்மாவிடமும் எதிர்பார்க்காதே என்று சொல்லியிருப்பார். இது என் ஊகம்தான், நீ அவரிடம் கேட்டுப் பார்.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். நான் முறையைத்தானே சொன்னேன், தப்பா என்ன சொன்னேன் என்று குரலை உயர்த்தினார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் கதவைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார், யோசிக்க வேண்டும் என்றால் அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது, சரி, அப்பான்னே கூப்பிடட்டும், ஆனா எனக்கு அவன் மாப்பிள்ளைதான், அதுல மாத்தம் இல்ல என்று. இதை மாப்பிள்ளையிடம் நல்ல வார்த்தையாக மாற்றிச் சொல்.

உன்னிடம் மறைக்கவில்லை பாப்பா, எனக்கு இது லேசாக இல்லை. எத்தனையோ சொல் இருக்க இதைத்தானா எதிர்பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு நீ ஒருத்தி, என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் இல்லை. டீச்சர் சொன்னது டீச்சரோடு இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று கூட நினைத்தேன். ஆனால் அந்தக் காகிதக் கப்புக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தது கொஞ்ச நேரம். அந்த அம்மா கல்யாணத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார், அதுவும் நிஜமாக. கூப்பிட்டால் திரும்பாததற்குக் காரணம் இதுவாக இருந்தால், நீ அவரை இன்னும் கூப்பிடவே இல்லை என்றுதான் அர்த்தம். இதுவே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருவேளை சிடுமூஞ்சியாகவே கூட இருக்கலாம். ஆனால் இதைச் செய்து பார்க்காமல் வராதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர் வந்து இறங்கும் நாளில் ஒரு கப் டீ போடு, இரண்டு கையாலும் கொடு, கூப்பிடு. முழங்காலிட வேண்டாம், மாப்பிள்ளையை வேண்டுமானால் இடச் சொல். அதற்குப் பிறகும் சரிப்படவில்லை என்றால் என்னிடம் சொல், அப்போது நான் உன் பக்கம்.

இன்னொன்று. சம்பந்தி என்பதற்கு அவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது, பெண் சம்பந்திக்குத் தனியாகவே ஒன்று. அதைக் கேட்டதும் எனக்கு ஏதோ என் பெயரையே அங்கே யாரோ எழுதி வைத்திருந்தது போல இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுகிறேன். நீ டீ கொடுத்து முடித்ததும் போனை அவரிடம் கொடு, நானே பேசுகிறேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது, நீ குறுக்கே புகுந்து முடித்து வைக்காதே.

நீங்கள் இருவரும் நூறாண்டு ஒரே கூரையில், வருகிறவர்களுக்கும் இடம் கொடுத்து வாழ அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். கண் டாக்டரிடம் போக மறக்காதே. அந்த அம்மாவைக் கூப்பிடும்போது உனக்கு என் முகம் நினைவுக்கு வந்து தயக்கமாக இருந்தால் அதைத் தள்ளிவிடாதே, இருக்கட்டும். என்னை நினைத்துக்கொண்டே கூப்பிடு, குரல் சரியாக வரும்.

என்றும் உன்,
அம்மா