ஃபெபிக்கு நான் கூட்டிய இரண்டு வயது

12.5.2025, திங்கள்

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து செல்வலட்சுமி மேடம் போன் செய்தார். ஜூன் ஒன்றாம் தேதி ஃபெபிக்குப் பதினெட்டு முடிகிறதாம். அதற்குமேல் இல்லத்தில் வைத்திருக்கக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கான விடுதியில் இடம் இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலையும் ஹாஸ்டலும் பேசி வைத்திருக்கிறார். நல்ல சேதி சொல்லும் குரலில்தான் சொன்னார். இல்லத்தின் பொறுப்பாளர் நான், 'சரிங்க மேடம்' என்றேன். வேறு என்ன சொல்வது? அவளுக்குப் பதினாறுதான் ஆகிறது என்றா?

13.5.

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன்பு, வண்டலூர் ரோட்டில் லாரி மோதித் தாயும் தகப்பனும் போன பிறகு ஃபெபி இங்கே வந்தாள். பெயரும், ஒன்பது வயது என்பதும் அக்கம்பக்கத்தார் சொன்னது. ஒரு காகிதமும் இல்லை, பேச்சும் இல்லை. தொண்டையில் குறை ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். மற்ற நேரமெல்லாம் குதிரைக் கொட்டகை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பவுனு அப்போதுதான் வந்திருந்தது. கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து சலித்த பெண் குதிரை. இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பென்சன் அதை வைத்து மனம் நொந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுக்கப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். சவாரி கிடையாது. தேய்த்துவிடுவது, தண்ணீர் காட்டுவது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பது, அவ்வளவுதான். ஆனால் பத்து வயது முடியாத பிள்ளையைக் குதிரையிடம் விடவே கூடாது என்று பயிற்சி கொடுத்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

இவளோ வேலியை விட்டு வர மாட்டேன் என்கிறாள். நான் பாரத்தில் வயது பதினொன்று, பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டேன். ஆளும் கொஞ்சம் உயரம். பள்ளிக்கூடத்திலும் அதே தேதி ஏறிவிட்டது.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் கொட்டகைப் பக்கம் ஒரு குரல். "அந்தாண்ட போ பவுனு, கால மிதிக்காத." யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

19.5.

பென்சனிடம் சொன்னேன். குதிரையின் குளம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "இப்ப போய் சொன்னா, பொய் ரெகார்டு எழுதுன ஹோமுன்னு மூடிருவாங்கக்கா. மீதி பதினோரு பசங்கள எங்க இட்டுக்கினு போய் வுடுவ?"

நியாயமான கேள்வி. இல்லம் இருக்கும் இந்த ஊரை, வல்லம் வடகால்காரர்களையும் நினைக்க வேண்டும். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு அதே தொழிற்பேட்டையின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறவர்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கறிசோறு போடுகிறார்கள், பவுனுக்குத் தவிடு கொண்டுவருகிறார்கள். என் பொய்யால் எல்லாம் போனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

24.5.

ஒன்றும் செய்யவில்லை.

1.6. ஞாயிறு

கேக் வெட்டினாள். வெட்கமில்லாமல் நானும் கைதட்டினேன்.

2.6.

போய்விட்டாள்.

வேன் வருவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "என் வயசு எனக்குத் தெரியும் மேரிம்மா. எங்கம்மா சொல்லிக்கீது. நீ மாட்டிக்குவன்னுதான் கம்முனு இருந்தேன்."

தெரியுமா? ஏழு வருடமாகவா? பன்னிரண்டாம் வகுப்பு வரை தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து திண்டாடினாளே, அப்போதெல்லாம் தெரியுமா? பவுனிடம் சொல்லிக்கொண்டாயா என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது. சொன்னால் அது சாப்பிடாது என்றாள்.

22.6.

பவுனு நன்றாகத்தான் சாப்பிடுகிறது. அதன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

6.7.

கூப்பிட்டால் எடுப்பதில்லை. 'ஷிப்ட்', 'ஓவர்டைம்', 'நல்லா இருக்கேன்' என்று மெசேஜ் மட்டும் வருகிறது.

13.7. ஞாயிறு

அவள் போனிலிருந்து அழைப்பு. ஆசையாக எடுத்தால் வேறு பெண். முப்பிடாதி என்று பெயர், கோவில்பட்டிப் பக்கம், ஃபெபியோடு ஒரே ரூமில் இருக்கிறாளாம். "எக்கா, அவ வாய் பேசாத பிள்ளைன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம். சூப்பர்வைசரே கையக் காட்டித்தான் வேல சொல்லுதாரு. அவ போன்ல உங்க நம்பர் ஒண்ணுதான் கெடந்துச்சு, அதான் கூப்பிட்டேன். அவளுக்குப் பேச்சு வருமாக்கா?"

வரும் என்றேன். நன்றாகவே வரும் என்றேன்.

ஆறு வாரம். ஐயோ, ஆறு வாரமா ஒரு வார்த்தைகூட பேசாம கெடந்திருக்காளே. நான் இன்னா மனுஷி?

14.7.

காஞ்சிபுரத்தில் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போய்க் கடிதம் கொடுத்தேன். வயதைக் கூட்டி எழுதியது நான் மட்டும். பென்சனுக்கோ நிர்வாகத்துக்கோ எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தேன். பென்சனுக்குத் தெரியும். அது இரண்டாவது பொய்.

செல்வலட்சுமி மேடம் இரண்டு தடவை படித்தார். "இத நான் வாங்கிட்டேன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. எடுத்துட்டுப் போயிடுங்க," என்றார். மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

8.8. வெள்ளி

எலும்பு எக்ஸ்ரே பார்த்து, வயது பதினாறிலிருந்து பதினேழுக்குள் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இல்லத்தை மூடவில்லை. திங்கட்கிழமை ஃபெபி திரும்பி வருகிறாள்.

இனி எந்தக் குழந்தைகள் இல்லத்திலும் நான் வேலை செய்யக் கூடாது. வழக்கு உண்டா என்பது பிறகு தெரியும். விசாரணை முடியும்வரை அவளைப் பார்க்கவோ பேசவோ கூடாது. நான் காலி செய்த பிறகுதான் அவளைக் கூட்டி வருவார்களாம்.

ஞாயிறு மாலைக்குள் கிளம்ப வேண்டும்.

31.8. குன்றத்தூர்

ஒற்றை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனிப் பையன்கள் ஷிப்டுக்கு ஏற்ப மாற்றி மாற்றித் தூங்குகிறார்கள். இங்கே என்னை யாரும் மேரிம்மா என்று கூப்பிடுவதில்லை.

பென்சனுக்குப் போன் போட்டேன். பேசினாளா என்று கேட்டேன்.

"எங்களாண்ட இல்லக்கா. பவுனாண்டதான் பேசுது. நா கிட்ட போனா நிறுத்திக்குது."

என்ன பேசுகிறாள் என்றேன். மழுப்பினார். விடாமல் கேட்டேன்.

"உன்னத்தான் திட்டுதுக்கா. எதுக்கு அந்த லெட்டர குடுத்தேன்னு."

போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன். உலை வைத்தேன். நிறைய நேரம் திட்டுகிறாளா என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக்குக் கேட்க வேண்டும்.