சித்திரையில் பூத்த ஊதாப் புளியாரை

ராசிபுரம் விடுதி,
9.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமை தரும் இரண்டு நிமிடப் போனில் வார்டன் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

நீங்கள் சூளையில் சுட்ட அந்தக் கோணல் ஜாடியையும், அதிலிருக்கும் அம்மாவின் ஊதாப் புளியாரையையும் உங்களை நம்பித்தான் விட்டு வந்திருக்கிறேன். காலை வெயிலுக்கு வாசலில் வையுங்கள். பத்து மணிக்கு உள்ளே ஜன்னலோரம் எடுத்துவிடுங்கள். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். சாயங்காலம் இலை மடங்கினால் வாடிவிட்டதென்று சொம்பைத் தூக்காதீர்கள், அது தூங்குகிறது. வெயில் ஏறியதும் செய்ய வேண்டியதைப் பரீட்சை முடிந்து எழுதுகிறேன்.

அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. பொங்கல் லீவு முடிந்து பஸ் ஏற்றும்போது, "ஒன்னக் கேக்காம வூட்ல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்" என்றீர்கள். அதை நினைத்துக்கொண்டுதான் இங்கே படிக்கிறேன்.

அன்பு மகள்,
வெண்பா

விருத்தாசலம்,
20.4.2025

அன்பு மகள் வெண்பாவுக்கு அப்பா எழுதுவது.

பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய். இந்த வெயிலில் சூளைப் பக்கம் நின்றால் சட்டையைப் பிழிந்து குடம் நிரப்பலாம். செடிக்கு ஒரு குறையும் இல்லை. ஜாடி நிறைய இலை. நேற்று ஏழு பூ. உன் அம்மா இருந்தபோதுகூட இப்படிப் பூத்ததில்லை. வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்குது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா,
இளவழகன்

ராசிபுரம் விடுதி,
26.4.2025

அப்பாவுக்கு,

சித்திரையில் ஏழு பூவா? பங்குனி வெயிலில் அந்தச் செடி ஒவ்வொரு வருஷமும் இலையெல்லாம் காய்ந்து செத்ததுபோல் ஆகிவிடும். அம்மா தண்ணீரை நிறுத்தி, ஜாடியை மாடிப்படிக்கு அடியில் நிழலில் வைப்பாள். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும், ஆனியில் தானாகத் துளிர்க்கும். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், உங்கள் கடிதம் வந்துவிட்டது.

மூன்று வருஷமாக உங்கள் கண் முன்னால் நடந்ததை ஒருநாளும் நீங்கள் பார்க்கவில்லையா? ஜாடியில் இருப்பது எது? மறைக்காமல் எழுதுங்கள்.

வெண்பா

விருத்தாசலம்,
2.5.2025

வெண்பாவுக்கு,

கோபப்படாமல் படி. இலை காய்ந்ததும், செத்த செடி என்று ராஜாம்பாள் பின்பக்கம் கொட்டிவிட்டாள். அவளுக்குத் தெரியாது. நீ அழுவாயே என்று நான்தான் நர்சரியில் அதேபோல் ஒன்று வாங்கி அந்த ஜாடியில் வைத்தேன்.

ராஜாம்பாள் எங்கள் பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவள். மார்ச்சில் உன் முதல் கடிதம் வந்த மறுவாரம் கொளஞ்சியப்பர் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். உனக்குப் பரீட்சை நேரம், அதனால் சொல்லவில்லை.

அப்பா

ராசிபுரம் விடுதி,
7.5.2025

அப்பாவுக்கு,

அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவங்க தெரியாமல் கொட்டினாங்க. நீங்கள் தெரிந்தே வேறொன்றை நட்டு, பூவை எண்ணியும் எழுதினீர்கள்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். கொட்டிய இடத்தைக் கிளறிப் பாருங்கள். கிழங்கு சின்னதாக, செதில் செதிலாக இருக்கும். விரல்நுனி அளவு கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். காகிதத்தில் சுற்றி வையுங்கள், இருபதாம் தேதி லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன். அது கிடைத்தால் அவங்களைச் சித்தி என்றே கூப்பிடுகிறேன்.

வெண்பா

விருத்தாசலம்,
12.5.2025

வெண்பாவுக்கு,

அந்த இடத்தில் போன வாரம்தான் துணி துவைக்க சிமெண்ட் தளம் போட்டோம். "கொட்டுனது நானு. புள்ள கேக்குது, ஒடச்சிப் பாக்கலாங்க" என்று ராஜாம்பாள் கடப்பாரையை எடுத்து வந்தாள். ஒரு செடிக்காகப் புதுத் தளத்தை உடைப்பதா என்று நான்தான் வேண்டாமென்றேன். ஜாடியில் இருப்பதும் அதே செடிதானே, வந்து பார். இருபதாம் தேதி விடுதி கேட்டில் நிற்கிறேன்.

அப்பா

ராசிபுரம் விடுதி,
15.5.2025

திரு. இளவழகன் அவர்களுக்கு,

கடப்பாரை எடுத்தவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இப்போது ஜாடியில் இருப்பதும் சீக்கிரம் காயும், அதையும் கொட்டிவிட வேண்டாமென்று சொல்லுங்கள்.

விடுதிப் படிவத்தில், அழைத்துப்போக வருபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டு, திட்டக்குடி திருமால் மாமா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி நீங்கள் வந்து நின்றாலும் என்னை அனுப்ப மாட்டார்கள்.

சி. வெண்பா
(சி என்பது அம்மா சிந்தாமணி.)