அங்கே இப்போது பகலா, ராத்திரியா

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. அதுவும் படி ஏறும்போது மட்டும்தான் தகராறு செய்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு இந்த மனுஷன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் பாதியில் கத்துவேன், உன் அம்மா நடுவில் புகுந்து சாப்டியாடா என்று கேட்பாள், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். எழுதி முடித்ததும் மருமகள் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். முகம் பார்த்துப் பேசத்தான் உங்கள் இடத்தில் வழியில்லையே தவிரப் படம் வந்து சேரும் என்கிறாள். கோழி கிளறின மாதிரி எழுத்து என்று பாதியில் வைத்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு, அதற்கப்புறம் அந்த வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்.

போன மாதம் நீ அம்மாவிடம் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். கடையில் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற சத்தத்தில் எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொள்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும். பிள்ள எங்கிட்ட பேசவே மாட்டேங்குதும்மா, நல்லா இருக்கேன் சாப்டேன் வச்சிடறேன்னு மூணு வார்த்தையில முடிச்சிடுது, அதையும் முணுமுணுன்னு சொல்லுது, பிடிக்காதவள எதுக்குத் தொந்தரவு பண்ணணும், இனிமே அவகிட்ட போனக் குடுக்காதீங்க, நான் இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன், அங்க யாரு எனக்காகக் காத்துட்டு இருக்கா என்று சொன்னாய். சொன்ன மாதிரியே அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து இப்போது கூப்பிடுகிறாய். நீ சொன்னதில் முழுப் பொய் இல்லை என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை. குண்டூசி (உன் மகள்தான், பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் இருப்பதே எனக்குச் சில சமயம் மறந்துவிடுகிறது) வீட்டில் எங்களிடம் ஓயாமல் வாயாடுவாள், உன் குரல் கேட்டதும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள். மருமகள் கெஞ்சிப் பார்த்தாள், உன் அம்மா அதட்டிப் பார்த்தாள். வாயைப் பிடுங்கினாலும் பதில் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய மூன்றாம் வகுப்பில் ஒரு வழக்கம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெற்றவர்கள் போய் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். மருமகளுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி, உன் அம்மாவுக்கு முழங்கால், கடைசியில் அது என் தலையில் விழுந்தது. கடையை மத்தியானமே சாத்திவிட்டுப் போனேன். உட்கார அவர்கள் கொடுத்தது பிள்ளைகளின் நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கிறது, எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுகிறது. ஜன்னல் விளிம்பில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டி. சுவரில் இலைகளை ஒட்டின அட்டை, பெருக்கல் வாய்ப்பாடு, பள்ளிக்கூடத்தின் வரைபடம். அந்த வரைபடத்தில் கழிவறை தலைமையாசிரியர் அறையைவிடப் பெரிதாக இருந்தது, யார் வரைந்ததோ, விவரமான பிள்ளை. அறை முழுக்கப் பசை வாசனை.

நாங்கள் படித்தபோது கணக்குக்கு ஒருத்தர், அறிவியலுக்கு ஒருத்தர் என்று வருவார்கள் என்றுதான் எனக்கு ஞாபகம், உன் அம்மா அது பெரிய வகுப்பில் என்கிறாள். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே டீச்சர். கணக்கை அழித்துவிட்டு அதே துடைப்பானால் அறிவியலுக்கு இடம் பண்ணுகிறார், சரியாக அழியாத ஒரு கழித்தல் கணக்கின் வால் அறிவியல் தலைப்புக்குக் கீழேயே கடைசிவரை நின்றது. மொழிப்பாடத்தில் மழை பற்றி எழுதச் சொல்கிறார், அதே மழையைப் பிறகு ஒரு டம்ளரில் பிடித்து அளக்கச் சொல்கிறார், பிறகு அதையே வரையச் சொல்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மா கெட்டிக்காரர். முப்பது வாண்டுகளும் ஒரே நேரத்தில் டீச்சர் டீச்சர் என்கின்றன, அவர் ஒருத்தர் முகத்தையும் விடாமல் பார்க்கிறார். கடையில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு தடவை அழைத்தாலே எனக்கு ரத்தம் தலைக்கேறும், உனக்குத் தெரியாததா.

கடைசி மணி நேரத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் வீட்டுக்குப் போன பாடம். வகுப்பில் படித்த எதையாவது வீட்டில் எப்படிப் பயன்படுத்தினாய் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். ஒருத்தி பூனையை எடை போட்டாளாம், பூனை இறங்கி ஓடிவிட்டதால் விடை வரவில்லையாம். ஒருவன் பின்னம் படித்ததைக் கொண்டு ரொட்டியைத் தங்கையோடு சரிபாதி பிரித்தானாம், பெரிய பாதியைத் தானே சாப்பிட்டானாம். எல்லோரும் சிரித்தோம். அதற்கடுத்து நம் குண்டூசி எழுந்தாள். நான் இருப்பதைப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள், பிறகு டீச்சரைப் பார்த்தே சொன்னாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். எங்கப்பா வெளிநாட்டுல இருக்காங்க டீச்சர், இங்க பகல்னா அங்க ராத்திரின்னு நீங்க டார்ச் அடிச்சுக் காமிச்சீங்கல்ல, அப்பா சாயங்காலம் கூப்பிடுவாங்க, கடிகாரத்துல கணக்குப் போட்டுப் பாத்தேன், அப்ப அங்க விடியவே இல்ல, நல்லாத் தூங்கலன்னா உடம்புக்கு வந்துடும்னு உடல்நலப் பாடத்துல இருக்கு, அதனால நான் சீக்கிரம் சீக்கிரம் பேசி வச்சிடுவேன், அவங்க ரூம்ல மத்தவங்களும் தூங்குவாங்கல்ல, அதனால மெதுவாத்தான் பேசுவேன் என்றாள்.

டீச்சர் அவள் அருகில் போய், இதை அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா என்று கேட்டார். அதற்கு அவள், சொன்னா அப்பா கூப்பிடறதயே விட்டுடுவாங்களே டீச்சர் என்றாள்.

அந்தக் குட்டி நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த நிலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அழுக்கு இருந்தது. பிறகு டீச்சர் அலமாரியிலிருந்து உலக உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார். நம் ஊரில் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தது, நேர் பின்பக்கம் கடலுக்கு நடுவே இன்னொரு நட்சத்திரம். பகலுக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று பாடத்துக்காக ஒட்டியதாம். நம் பெண், அப்பா இருக்கிற இடம் அந்த இரண்டாவது நட்சத்திரம்தான் என்று தானாகவே முடிவு கட்டியிருக்கிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, உன் அம்மா யார் கேட்டாலும் எம்புள்ள உலகத்தோட அந்தக் கோடியில கெடக்கான் என்றுதானே பெருமூச்சு விடுகிறாள். நீ வேலை இடைவேளையில் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பேசுகிறாய் என்று வீட்டில் ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. டீச்சர் என்னிடம் நாட்டின் பெயரைக் கேட்டுக்கொண்டு நீ இருக்கிற இடத்தில் அவள் விரலை வைத்தார். நம் ஊரிலிருந்து அவளுடைய சின்ன விரலால் இரண்டு விரற்கடை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டார்ச் அடித்தார், உருண்டையை மெதுவாகத் திருப்பினார். இங்கே சாயங்காலம் வந்தபோது உன் இடத்தில் நல்ல வெயில் அடித்தது. குண்டூசி குனிந்து பார்த்தாள். அப்ப எங்கப்பா முழிச்சிட்டுத்தான் இருந்தாங்களா என்று கேட்டாள். ஆமாம்மா, மத்தியானம் என்றார் டீச்சர். டார்ச்சைத் தானே வாங்கி இன்னொரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டாள், நாம் சொன்னதை உடனே நம்புகிற ஜாதி இல்லை, அது உன்னிடமிருந்து வந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தாள். பல் விழுந்ததாம், பாட்டில் மாறிப் போனதாம், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதாம், எனக்கே இதெல்லாம் புதுச் செய்தி. நானும் உன்னிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு உன் மேல் கோபமும் வந்தது, உன்னை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. ஒரு வருஷமாக அவளுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நீ மென்று விழுங்கியதும், நீ தூங்க வேண்டும் என்று அவள் மென்று விழுங்கியதும் ஒரே போனில்தான் நடந்திருக்கிறது. நடுவில் நாங்கள் மூன்று பெரியவர்கள் சாப்டியா சாப்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். வேலை விஷயத்தில் நான் புத்தி சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பதும் வருவதும் உன் இஷ்டம், ஆனால் எனக்காக யார் காத்திருக்கிறார்கள் என்ற காரணத்துக்காகக் கையெழுத்துப் போடாதே. வேறு காரணம் இருந்தால் போடு. வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் நிற்காதே. கண் எரிகிறது என்றாயே, கடையில் விற்கிற ஏதோ சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொள்ளாமல் டாக்டரைப் பார்.

உன் அம்மா தன் ஆசீர்வாதத்தையும் முழங்காலைப் பற்றி நீ கவலைப்படக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள், கவலைப்பட வேண்டும் என்று அர்த்தம். என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ கூப்பிடாத நாட்களில் எல்லாம் அப்பா தூங்கறாங்க என்று அவளே எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பதில் அவளிடம் இல்லை. சாயங்காலமானால் போன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள், நீ முழித்திருக்கிறாய் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா