பெரியம்மாவின் பெயரில் அம்மா

ஜூலை 8, செவ்வாய். ஏலப்பாறை.
மழை. துணி எதுவும் காயவில்லை. அம்மாவை அடக்கம் செய்து பதினொரு நாள். அழுகை வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வருகிறது.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். 'முறைசாராத் தொழில்' என்ற கருத்தின் வரலாறு. எழுதிய வரை: ஆலைகள் பெருகினால் சில்லறை வேலைகள் தானாக மறையும் என்று முதலில் நம்பினார்கள். மறையவில்லை. எழுபதுகளில் ஆப்பிரிக்க நகரங்களைப் பார்த்தவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பதிவில்லாத கடை, பட்டறை என்றார்கள். பிறகு, பதிவுள்ள நிறுவனத்திலும் பாதுகாப்பில்லாத வேலை உண்டு என்று வரையறையை நீட்டினார்கள்.

நல்ல நடை. யார் செத்தாலும் எழுத வருகிறது.

ஜூலை 9, புதன்.
சோப்பு, மெழுகுவர்த்தி, அப்பாவுக்கு இருமல் மருந்து.

பஞ்சாயத்தில் இறப்புச் சான்றிதழ் வாங்கினேன். பெயர்: ஞானசெல்வி. அது பெரியம்மா. தென்காசியில் உயிரோடு இருக்கிறார்.

எஸ்டேட்டில் நிரந்தர வேலை பெரியம்மாவுடையது. அவர் கல்யாணமாகிப் போனதும் அதே பெயரில் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்க இறங்கினாள். இருபத்தாறு வருடம். சூப்பர்வைசருக்கும் தெரியும். இங்கே பலர் அப்படித்தான். அம்மா சரிவில் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டிருக்கிறார்கள். அப்பா பழக்கத்தில் எஸ்டேட் பெயரைச் சொல்லிவிட்டார்.

"சீட்டுல இருந்த பேரத்தான் சொன்னேன். அந்நேரம் எனக்கு என்னம்மா ஓடும்?"

ஜூலை 10, வியாழன்.
பெரியம்மா போனில். "ஏ பிள்ள, நான் செத்துட்டேனாம்லா?" சிரித்தார். பிறகு நெடுநேரம் அழுதார். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெயரைத் திருத்த மனு எழுதினேன். அப்பா தடுத்தார். வாரிசு வேலை அண்ணிக்கு வந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு தங்கும். "பேர மாத்துனா, அப்ப இவ யாருன்னு எஸ்டேட்டுல கேப்பான். வேலையும் போவும், லயமும் போவும். எங்க போய்ப் படுக்க?"

ஜூலை 11, வெள்ளி.
வெயில் கொஞ்சம். எந்த வரையறையிலும் அம்மா அடங்கவில்லை. பதிவு, பி.எஃப். எல்லாம் இருந்தது. ஆள்தான் வேறு. பாலக்காட்டிலிருந்து நெறியாளர்: "அதுக்கு ஒரு அடிக்குறிப்பு போதும்மா." போட்டேன். இரண்டு வரி. அனுப்பினேன்.

மனுவை அடுப்பில் போட்டேன். அம்மாவுக்குச் செய்யும் துரோகம் என்று தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான்.

ஜூலை 12, சனி.
மறுபடி மழை. ரேஷன் கடை. கார்டில் அம்மாவின் சொந்தப் பெயர், அன்னமேரி. கடைக்காரர் மலையாளி, ஊருக்குப் புதுசு.

"இவங்க இன்னும் மெஷின்ல விரல் வெக்கலையே. வரலைன்னா பேரு வெட்டிப் போகும், கேட்டோ. எப்ப வருவாங்க?"

"மேலுக்கு முடியல. அடுத்த வாரம் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.