கடைசியாகப் பூட்டியவன்

நீ திருடவில்லை. திருடியது நான். பழியை உன் தலையில் கட்டியதும் நான்தான்.

மழை தொடங்கியதும் வீட்டுப் பரணிலிருந்து ஒரு புளித்த வாடை. கைவிட்டுத் துழாவினேன். அன்று நான் திருடிய ஆட்டுத்தோல் சுருள்தான். வெள்ளையாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. தாராவிக் கார்கானாவில், அந்தத் தோல் பட்டறையில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தோல் ஜாக்கெட் தைத்தோம். நம்மில் ஒருவனும் அதைப் போட்டதில்லை. அந்த எரிச்சலில் எடுத்தேன். எடுத்த பிறகு தைக்கத் தைரியம் வரவில்லை.

சுருளைக் காணோம் என்று முதலாளி சேட் கேட்டபோது நான் பொய்கூடச் சொல்லவில்லை. "கடைசியா பூட்டினது அவன்தான்" என்றேன். அது உண்மை. அந்த உண்மையைத்தான் உன் கழுத்தில் வைத்து அழுத்தினேன். அவர் உன்னைப் பார்த்து "கல் சே மத் ஆ" என்றார். நாளையிலிருந்து வராதே. அவ்வளவுதான் விசாரணை. நம்மைப் போன்றவர்களுக்குச் சந்தேகமே தீர்ப்பு. காட்டிக் கொடுக்கவும் நம்மிலேயே ஒருவன் கிடைப்பான். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க நீ திருடன். வேறு எந்தக் கார்கானாவும் உன்னைச் சேர்க்கவில்லை. ஆண்டாப் ஹில்லில் கட்டட வேலைக்குப் போனாய்.

இரண்டு வருடம் கழித்து நான் ஞானஸ்நானம் எடுத்தேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். "நான் திருடினேன், ஒரு நண்பனைக் காட்டிக் கொடுத்தேன்" என்று தேம்பினேன். அல்லேலூயா என்று கை தட்டினார்கள். அழுகை நிஜம்தான். ஆனால் எந்த நண்பன், என்ன திருட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ பின்வரிசைப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டாய். "ஏலே, யூதாஸ் பேருகூட பைபிள்ல இருக்கு. எம்பேரு உன் சாட்சியில இல்லியே?"

"கர்த்தர் மன்னிச்சிட்டாரு மக்கா. பழசைக் கிளறாத."

"அவரு மன்னிச்சிருப்பாரு. சேட்டுகிட்ட அவரா வந்து சொல்லுவாரு? மனந்திரும்பிட்டேங்குத. சரி. காலு எப்பலே திரும்பும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு விசுவாசம் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

போன டிசம்பரில் நீ நின்ற கட்டடச் சாரம் சரிந்தது. நீ எழவில்லை. உன் அடக்க ஆராதனையில் நான்தான் ஜெபம் பண்ணினேன். 'அருமையான சகோதரன்' என்றேன். பின்னாலிருந்து யாரோ, "கைதான் கொஞ்சம் சுத்தமில்ல, பாவம்" என்று முணுமுணுத்தது நன்றாகக் கேட்டது. கண்ணை மூடியபடியே ஆமென் சொல்லி முடித்தேன்.

விசுவாசித்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த விசுவாசம் என்னை உன் வீட்டு வாசல்படி ஏற வைக்கவில்லை. பூஞ்சை வாடைதான் ஏற வைத்தது.

நேற்று அந்தச் சுருளோடு உன் அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிக் காலைப் பிடித்து அழுதேன். அவர் அழவில்லை.

"காலை விடு. எம்புள்ள எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரியாதது இவுங்களுக்குத்தான்."

கதவை விரியத் திறந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

"இந்தச் சந்துல இருபது வீடு. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, அவன் பேரச் சொல்லிச் சொல்லணும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன.

"எந்திரிலே. வா."